டீசேர்ட்டுக்குப் படத்தைப் புள்ளிப் புள்ளியா மாத்தினா அச்சில கறுத்துப் போகுது, எந்த எஃபெக்ட் சரிவரும்?

சாம்பல்தீவு_தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்துக்கு டீசேர்ட் அடிக்கப் போறம், டிசைன் வேலை என்னட்டத் தந்திட்டினம். படம் என்னெண்டா, போட்டில போகேக்க கடல் பக்கத்தால எடுத்த எங்கட திருகோணமலைச் சுவாமி மலை, உச்சியில கோணேஸ்வரம் கோயில், கீழ பாறையில அலை அடிக்குது, சரியான வடிவான படம். அதைப் பழைய பேப்பர்ல வாற புள்ளிப் படம் மாதிரி ஆக்கி வெள்ளை டீசேர்ட்டில கடும் நீலம், செம்மஞ்சள் ரெண்டே ரெண்டு கலர்ல அடிக்கிறது எண்டு யோசினை. போட்டோஷொப்பில ஃபில்டருக்குள்ள பிக்சலேட், அதுக்குள்ள கலர் ஹாஃப்டோன் எண்டு போட்டன், ஸ்கிரீன்ல பார்க்க அந்த மாதிரி இருந்துது. கடையில சாம்பிள் அடிச்சுத் தந்தாங்கள், மலை முழுக்க ஒரே கறுப்பு, கோயில் எங்க மலை எங்க எண்டு தெரியேல்ல, வானத்தில கட்டம் கட்டமா அலைக்கோடு ஓடுது. கடைக்காரர் படம் சரியில்லை எண்டுறார். பிழை படத்திலயா எஃபெக்ட்டிலயா அச்சிலயா? விளங்கினாக்கள் சொல்லுங்கோ, இது சங்கத்துக் காசு.

கிண்ணியா_மை:
தங்கச்சி, நான் ஸ்கிரீன் பிரிண்ட் வேலைதான் செய்யிற, ஃபிரேமில கட்டின வலையால மையைத் தள்ளி அடிக்கிற வேலை, அதால அச்சுப் பக்கத்தை நான் சொல்லியன், படத்தை வேற ஆரும் சொல்லட்டும்.

முதல்ல ஒண்டு, ஸ்கிரீன்ல மை ஒண்டில் விழும், இல்லாட்டி விழாது. நடுவில சாம்பல் எண்டு ஒரு சாமான் இல்லை. புள்ளி பெருசா இருந்தா கண்ணுக்குக் கடுமையாத் தெரியும், சின்னனா இருந்தா வெளிறித் தெரியும், ஹாஃப்டோன் எண்டா அவ்வளவுதான். அப்ப நீங்க யோசிக்க வேண்டியது ஒரு இஞ்சிக்கு எத்தினை புள்ளி வரிசை எண்டது, அதைத்தான் எல்பிஐ எண்டுறது. பேப்பருக்கு 85 போல, வழுவழுப்பான சஞ்சிகைக்கு 133, 150 எண்டு போகும், துணிக்கு அது ஒண்டும் சரிவராது. கடையில எந்த மெஷ், அதான் ஃபிரேமில கட்டின வலை, எண்டு கேளுங்க. 43டி எண்டா சென்டிமீட்டருக்கு 43 நூல், இஞ்சிக்கு 110 போல வரும், அதை நாலரையால பிரிச்சா 24 வரி, அதுக்கு மேல அந்த ஃபிரேமால புள்ளியைப் பிடிச்சு வைக்க ஏலாது. 90டி ஃபிரேம் இருந்தா 230 நூல், 45, 50 வரைக்கும் போகலாம். நீங்க குடுத்த புள்ளி அதை விட நெருக்கமா இருந்திருக்கும், எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டியிருக்கும்.

அலைக்கோடு வாறது புள்ளி வரிசையும் மெஷ் நூலும் ஒண்டை ஒண்டு வெட்டுறதால. நூல் நேரா ஓடுது, புள்ளியும் 0 அல்லது 90 பாகையில ஓடினா கட்டாயம் அடிபடும். அதுதான் எங்கட வேலையில 22.5 பாகை எண்டு வைக்கிற.

அடுத்தது மை பரவுறது. துணி மையைக் குடிக்கும், பாதிக் கறுப்பு எண்டு நீங்க குடுத்தது அடிச்சு முடிய முக்காலுக்குக் கிட்ட வந்து நிக்கும். அதால போட்டோஷொப்பில வெளிச்சம் இருட்டைக் கூட்டிக் குறைக்கிற கேர்வ்ஸ்ல நடுப் பகுதியைத் தூக்கி, கண்ணுக்கு வெளிறின மாதிரித் தெரியிற அளவில குடுங்க, துணியில சரியா வரும்.

உவர்மலை_கெமரா:
கிண்ணியா நானா சொன்னதோட நான் படப் பக்கத்தைச் சொல்லுறன். தங்கச்சி, அந்தப் படம் பின்னேரம் எடுத்ததா? நான் அடிச்சுச் சொல்லுவன் பின்னேரம் எண்டு. சுவாமி மலையின்ர செங்குத்துப் பக்கம் கிழக்க பார்த்து நிக்குது, விடியக் காத்தால வெயில் நேரா பாறை முகத்தில அடிக்கும், அப்ப பாறையில இருக்கிற வெடிப்பு, படிவரி, ராவணன் வெட்டு, எல்லாம் வெளிச்சமும் நிழலுமா பிரிஞ்சு தெரியும். மத்தியானம் திரும்பினாப் பிறகு சூரியன் மலைக்குப் பின்னால டவுன் பக்கம் போயிடும், கடலில இருந்து பார்க்கிற ஆளுக்கு மலை முழுக்க நிழல். அந்த நிழலுக்குள்ள எங்கட கண் பாறையைப் பார்க்கும், படத்தில உள்ள வெளிச்ச இலக்கம் (0 எண்டா கறுப்பு, 255 எண்டா வெள்ளை) எல்லாம் 20க்கும் 50க்கும் இடையில கிடக்கும். அதில என்ன எஃபெக்ட் போட்டாலும் எல்லாம் ஒரே அளவுப் புள்ளியாத்தான் மாறும்.

எஃபெக்ட் போட முதல் ஒரு சோதினை செய்யுங்கோ. படத்துக்கு மேல த்ரெஷோல்ட் லெயர் ஒண்டை வையுங்கோ, 128ல நிக்கும். இப்ப கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான், அதில மலை, கோயில், வானம், கடல் நாலும் பிரிஞ்சு தெரியுதா? பட்டனை அங்கால இங்கால இழுத்துப் பாருங்கோ, எந்த இடத்தில வைச்சாலும் கோயில் மலையோட ஒட்டிக் கிடந்தா ஃபில்டருக்குப் போக வேண்டாம், முதல் அதைப் பிரிக்கிற வேலை. பிளெக் அன்ட் வைட் எண்ட அட்ஜஸ்ட்மென்ட்டைத் திறந்து மஞ்சளையும் சிவப்பையும் கூட்டுங்கோ, பாறை எழும்பும். நீலத்தைக் குறையுங்கோ, கடலும் வானமும் இறங்கும். அதுக்குப் பிறகும் காணாதெண்டா டொட்ஜ் டூலால பாறை விளிம்பை மட்டும் கையால தூக்கி விடலாம். என்னைக் கேட்டா காலமை ஆறரைக்கு ஒருக்காப் போட்டில போய் புதுசா எடுக்கிறதுதான் திறம், அரை நாள் எடிட்டிங் மிச்சம்.

தம்பலகாமம்_வயல்:
இவ்வளவு கஷ்டம் தேவையா அண்ணை? போன்ல ஏஐ அப் கனக்க இருக்கு, படத்தைக் குடுத்து காமிக் ஸ்டைல் எண்டா அஞ்சு செக்கன்ல வருது, நான் வயல் படம் எல்லாம் அப்பிடித்தான் செய்யிறனான், ஃபேஸ்புக்கில நல்ல லைக் வருது.

உவர்மலை_கெமரா:
தம்பி, ஃபேஸ்புக்குக்கு எண்டா தாராளமாச் செய்யலாம், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அது எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சா எங்க பாவிக்கலாம் எங்க கூடாது எண்டு உமக்கே விளங்கும். 2015இல ஜேர்மனியில கேட்டிஸ், எக்கர், பெத்கே எண்ட மூண்டு ஆய்வாளர்கள் நியூரல் நெட்வேர்க் ஒண்டுக்குள்ள படத்தில என்ன இருக்கு எண்ட விஷயத்தையும் தூரிகை இழுப்பு, நிறக் கலவை எண்ட ஸ்டைலையும் வேறவேறயாப் பிரிச்சு எடுக்கலாம் எண்டு காட்டிச்சினம், அடுத்த வருசமே பிரிஸ்மா எண்ட அப் வந்து எல்லாற்ற போன்லயும் ஓடிச்சுது. அதுகூட உள்ள படத்தின்ர உருவத்தைப் பெரும்பாலும் மதிச்சுது. இப்ப வாற ஏஐ படத்தைத் திரும்ப முதலில இருந்து கீறுது. கோணேஸ்வரத்துப் படத்தைக் குடுத்துப் பாரும், கோபுரத்தில இல்லாத சிலை முளைக்கும், சிவன் சிலையின்ர விரல் மாறும், தமிழ் எழுத்து இருந்தா எழுத்தே இல்லாத ஒண்டாகும். ஊர்ச் சனம் உடுத்திக்கொண்டு திரியப் போற கோயிலில அப்பிடி விளையாட ஏலாது. இன்னொண்டு, அது தாறது ஆயிரம் நிறம் கலந்த ஜேபெக், அதை ரெண்டு மைக்குப் பிரிச்சுக் குடுக்கிறது நீர்தான்.

சாம்பல்தீவு_தங்கச்சி:
பின்னேரம் எடுத்ததுதான் அண்ணா, எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள்!! த்ரெஷோல்ட் வைச்சுப் பார்த்தன், கோயில் தனியத் தெரியவே இல்லை. பிளெக் அன்ட் வைட்டில மஞ்சளைக் கூட்டினோடன பாறை கொஞ்சம் எழும்புது. இன்னொரு கேள்வி, ஃபில்டர் கேலரிக்குள்ள இருக்கிற ஹாஃப்டோன் பட்டர்னும் பார்க்கலாம் எண்டு போனன், அது சாம்பலாக் கிடக்கு, அமத்த விடுகுதில்லை.

டைக்வீதி_லேஅவுட்:
தங்கச்சி, படம் சிஎம்ஒய்கேயில, அதாவது அச்சுக்குரிய நாலு மை நிற முறையில இருக்கும், இல்லாட்டி நிறத்தைக் கூட நுணுக்கமா வைக்கிற 16 பிட்டில இருக்கும். ஃபில்டர் கேலரி 8 பிட் படத்துக்குத்தான் வேலை செய்யும், சிஎம்ஒய்கே எண்டா அறவே திறக்காது.

ஆனா உங்கட வேலைக்குக் கேலரியும் வேண்டாம் கலர் ஹாஃப்டோனும் வேண்டாம். கலர் ஹாஃப்டோனைத் திறந்தா 108, 162, 90, 45 எண்டு நாலு பாகை நிக்கும், அது நாலு நிறச் சனலுக்கு நாலு, உங்களுக்குத் தேவை ஒரு மைக்கு ஒரு படம். படத்தை கிரேஸ்கேல் (கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும்) ஆக்குங்கோ, பிறகு இமேஜ், மோட், பிட்மெப், அதில ஹாஃப்டோன் ஸ்கிரீன் எண்டு தெரிவு செய்தா எல்பிஐ, பாகை, புள்ளியின்ர வடிவம் மூண்டையும் கேட்கும். வட்டமும் போடலாம், நீள்வட்டமும் போடலாம், நான் துணிக்கு நீள்வட்டம்தான் விரும்புறது, நடு இருட்டில புள்ளி திடீரெண்டு ஒட்டாமல் மெல்ல மெல்லச் சேரும். அவுட்புட் இஞ்சிக்கு 600 பிக்சலுக்குக் குறைய வைக்காதேங்கோ. டீசேர்ட்டில எத்தினை இஞ்சி அகலமோ அந்த அளவுக்குப் படத்தைக் கொண்டு வந்தாப் பிறகுதான் இதைச் செய்யோணும், செய்தாப் பிறகு இழுக்கவும் கூடாது சுருக்கவும் கூடாது.

ஸ்கிரீன்ல 33 வீதம், 50 வீதம் எண்டு சூம் பண்ணிப் பார்க்கேக்க புது அலைக்கோடு தெரியும், பயப்பிடாதேங்கோ, அது மொனிட்டர் காட்டுற பொய். 100 வீதத்தில பாருங்கோ.

கிண்ணியா_மை:
லேஅவுட் அண்ணன் சொன்னதுல ஒண்டு சேர்க்கியன், அந்த ஃபைலை வட்ஸ்அப்பில படமா அனுப்ப வேணாம்!! வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி திரும்பவும் ஜேபெக் ஆக்கும், ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் சாம்பல் அழுக்கு வரும், ஸ்கிரீன் செய்ய பிலிம் எடுக்கேக்க அந்த அழுக்கும் சேர்ந்து வரும். டிஃப் ஃபைலா பென்ட்ரைவில கொண்டு வரணும், இல்லாட்டி டொக்கியுமென்ட்டா அனுப்பணும்.

உப்புவெளி_அக்கா:
நல்ல இழை, வாசிச்சுக்கொண்டு வந்தன். நான் நினைவு மலர், அஞ்சலி நோட்டீஸ் லேஅவுட் செய்யிறனான், எங்களுக்கு வாற பிரச்சினை வேற. சனம் கொண்டு வாறது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், இல்லாட்டி சுவரில தொங்கிற ஃபிரேமை போனால எடுத்த படம், கண்ணாடியில ஜன்னல் வெளிச்சம் வேற. அதை ஏ4 அளவுக்கு முன் அட்டையில போடச் சொல்லுவினம். சில இடத்தில ஒயில் பெயின்ட் எஃபெக்டை அடிச்சு மூடி விடுறாங்கள், தெளிவில்லாதது ஓவியம் மாதிரித் தெரியும் எண்டு. எனக்கு அதைப் பார்க்க மனம் சரியாக் கஷ்டப்படுது. போன மாசம் ஒரு அம்மாவின்ர படம், அவவின்ர மூக்குத்தி ஒரு வெள்ளைத் தீற்றலாப் போச்சு, கன்னத்தில இருந்த மச்சம் இல்லை, கண்ணுக்குள்ள சுழி சுழியா ஓடுது. மகள் அதைக் கையில வைச்சுக்கொண்டு இது எங்கட அம்மா இல்லை எண்டு சொன்னவ. இதுக்கு ஏதும் நல்ல வழி இருக்கோ?

டைக்வீதி_லேஅவுட்:
அக்கா, இது நீங்கள் கேட்டது சரியான முக்கியமான விஷயம், கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன்.

பெயின்ட் மாதிரி ஆக்கிற ஃபில்டர்கள் கனக்க இருக்கு, அதுகளில பழைய ஒண்டு குவஹாரா, 1976இல இருதயத்தைப் படம் பிடிச்ச மருத்துவப் படங்களைத் துப்புரவாக்கக் கண்டுபிடிச்சது. அது என்ன செய்யுது எண்டா, படத்தின்ர ஒவ்வொரு பிக்சல் புள்ளியையும் சுத்தி நாலு சின்னச் சதுரம் எடுக்கும், எந்தச் சதுரத்துக்குள்ள நிற வித்தியாசம் ஆகக் குறைவோ அதின்ர சராசரி நிறத்தை அந்தப் புள்ளிக்குக் குடுக்கும். அதால முகத்தின்ர வெளி விளிம்பு கூராவே நிக்கும், உள்ளுக்குள்ள எல்லாம் தட்டையாகும். இப்ப மச்சத்தை யோசியுங்கோ, அது சதுரத்தை விடச் சின்னன், சுத்தி இருக்கிற தோல்தான் வித்தியாசம் குறைஞ்ச பக்கம், அப்ப மச்சம் போகத்தான் வேணும். மூக்குத்தியும் அப்பிடித்தான். போட்டோஷொப் ஒயில் பெயின்ட் வேற மாதிரி, அது கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் தூரிகையை இழுக்கும், கருவிழி வட்டம் எண்டபடியால் அதைச் சுத்தி இழுத்துச் சுழி ஆக்கும்.

அதால முகத்துக்குப் பெயின்ட் எஃபெக்ட் போட்டே ஆகவேணும் எண்டா படத்தை மூலம் மாறாமல் வைச்சிருக்கிற ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக்கிப்போட்டு ஃபில்டரைப் போடுங்கோ, எஃபெக்டை வேண்டிய இடத்தில மறைக்கிற மாஸ்க் ஒண்டு கூடவே வரும், அதில மெல்லிய கறுப்புப் பிரஷ்ஷால கண், மூக்கு, வாய், மச்சம், பொட்டு எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வாங்கோ. சேலைக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும் எஃபெக்ட் நிக்கட்டும்.

சின்னப் படத்துக்கு நான் கூடுதலாச் செய்யிறது கிரேடியன்ட் மெப். கறுப்பு வெள்ளை ஆக்கி, இருட்டுக்குக் கடும் மண்ணிறம், வெளிச்சத்துக்கு மங்கல் வெண்மஞ்சள், அவ்வளவுதான். போன் படத்தில வாற பச்சை, ஊதா நிறப் புழுதி எல்லாம் அதோட போயிடும், முகத்தில ஒரு கோடுகூட மாறாது. அதுக்கு மேல வரி வரியா லைன் ஸ்கிரீன் கொஞ்சம் பெரிசாப் போட்டா தெளிவில்லாதது கண்ணுக்கு உறுத்தாது, ஏனெண்டா பார்க்கிற ஆள் வரியைத்தான் முதல் பார்க்கும். நிறத்தைச் சில படியாக் குறைக்கிற போஸ்டரைஸ் மட்டும் வயசான ஆக்களின்ர முகத்துக்கு வேண்டாம், நாலு படியாப் பிரிக்கேக்க சுருக்கம் எல்லாம் தழும்பு மாதிரி நிக்கும்.

மூதூர்_பழையவர்:
தம்பிமார் தங்கச்சிமார் குறை நினைக்காதேங்கோ, எனக்கு இந்த எஃபெக்ட் எண்டதே பிடிக்கிறேல்ல. படம் எண்டா கண்டதை அப்பிடியே காட்ட வேணும். கம்பியூட்டர் வந்துதான் இந்தக் கூத்தெல்லாம் வந்தது.

உவர்மலை_கெமரா:
ஐயா, உங்கட கோபம் விளங்குது, ஆனா கம்பியூட்டர்ல பழி போடேலாது. எங்கட நாட்டிலயே லயனல் வென்ட் எண்டவர் 1900இல பிறந்து 1944இல செத்தவர், அவர் இருட்டறையில பேப்பரைப் பாதியில வெளிச்சத்துக்குக் காட்டி சோலரைஸ் பண்ணியிருக்கிறார், ரெண்டு மூண்டு நெகட்டிவைச் சேர்த்து ஒரு படம் ஆக்கியிருக்கிறார். கனடாவில மைக்கல் ஓர்ட்டன் 1980களில ரெண்டு ஸ்லைட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சார், ஒண்டு கூரானது, மற்றது கலங்கினது, ரெண்டும் வேணுமெண்டு கூட வெளிச்சம் குடுத்து எடுத்தது, இண்டைக்குக் காலமைப் பனி வயல் படத்தில பளபளெண்டு தெரியிற ஓர்ட்டன் எஃபெக்ட் அதுதான். புள்ளிப் படமும் அப்பிடித்தான், பத்திரிகைக்காரனுக்கு சாம்பல் மை இல்லை எண்டபடியால் வந்தது, இப்ப அதை வடிவெண்டு ஆசைப்பட்டுப் போடுறம்.

உங்களோட நான் முழுசா ஒத்துப்போற இடம் ஒண்டு இருக்கு. கலியாண அல்பத்தில மணப்பெண்ணை வெளுப்பாக்கிற வேலை. பெட்டை நல்ல கறுப்பு, முகம் களையான முகம், அல்பத்தைத் திறந்தா ஆரோ வேற பெட்டை இருக்குது, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம். கேட்டா வீட்டுக்காரர் விரும்பினவை எண்டுறது. சில போன்ல பியூட்டி மோட் முதலே ஓனாத்தான் வருது, ஆரும் கேட்காமலே தோலை வழிச்சு நிறத்தைக் கூட்டி விடும். ஹாஃப்டோன் போட்டா எல்லாருக்கும் தெரியும் இது அலங்காரம் எண்டு, ஆரையும் ஏமாத்தேல்ல. வெளுப்பாக்கிறது அப்பிடி இல்லை, அந்தப் பிள்ளைக்கு உன்ர நிறம் காணாது எண்டு அவளின்ர சொந்தக் கலியாணத்திலயே சொல்லுறது. நான் செய்யமாட்டன் எண்டு ஓடர் எடுக்கேக்கயே சொல்லிப்போடுவன், சில ஓடர் போகும், போகட்டும்.

உப்புவெளி_அக்கா:
நூறு வீதம் சரி தம்பி. அண்ணை, கிரேடியன்ட் மெப் இண்டைக்கு ஒரு பழைய படத்தில போட்டுப் பார்த்தன், பச்சைப் புழுதி முழுக்கப் போச்சு, கண் அப்பிடியே இருக்கு!

தம்பலகாமம்_வயல்:
நான் ஏஐயை விட்டுட்டன் எண்டு வையுங்கோ அண்ணை 🙂 நெற்றில வடிவான சுவாமி மலைப் படம் ஒண்டு கிடக்கு, ட்ரோனால எடுத்தது, அதைப் போஸ்டரைஸ் பண்ணி எடுத்தா ஆளுக்குத் தெரியாது தானே, எஃபெக்ட் போட்டா அது எங்கட படம் தானே?

டைக்வீதி_லேஅவுட்:
இல்லைத் தம்பி, எஃபெக்ட் போட்டா சொந்தமாகாது. 2008இல ஒபாமாவின்ர சிவப்பு நீல ஹோப் போஸ்டர் வந்தது தெரியும் தானே, ஷெப்பர்ட் ஃபேரி செய்தது, அது ஏபி எண்ட செய்தி நிறுவனத்துக்காக எடுத்த ஒரு செய்திப் படத்தில இருந்து போனது, வழக்காப் போய் 2011இல சமரசத்தில முடிஞ்சது. 2023இல அமெரிக்க உயர் நீதிமன்றம் லின் கோல்ட்ஸ்மித் எண்ட படப்பிடிப்பாளரின்ர பக்கம் ஏழுக்கு ரெண்டு எண்டு தீர்ப்புச் சொன்னது, அவ எடுத்த பாடகர் பிரின்ஸின்ர படத்தில இருந்து அன்டி வார்ஹோல் நிறம் மாத்திச் செய்த படத்தை வார்ஹோலின்ர அறக்கட்டளை ஒரு சஞ்சிகைக்குக் குடுத்தது, அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய நியாயமான பாவனை இல்லை எண்டு. இஞ்ச எங்களுக்கு 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. சட்டத்தை விடும், அந்த ட்ரோன் பெடியன் எங்கட ஊர்க்காரனா இருப்பான், ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டா அனேகமாத் தருவான், டீசேர்ட்டில சின்னனா அவன்ர பெயரையும் போடலாம்.

சல்லிக்_கரை:
போட்டோஷொப் வாங்க வசதி இல்லாத ஆக்களுக்கு ஏதும் இருக்கோ? களவா இறக்கின வெர்ஷன்ல வைரஸ் வந்து என்ர கம்பியூட்டர் படுத்திட்டு.

டைக்வீதி_லேஅவுட்:
கிம்ப் இறக்குங்கோ, இலவசம். ஃபில்டர்ஸ், டிஸ்டோர்ட்ஸ், நியூஸ்பிரிண்ட் எண்டு போனா புள்ளி எஃபெக்ட் இருக்கு, பாகையும் மாத்தலாம். 2025 மார்ச்சில வந்த 3.0இல இருந்து ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாத்தலாம், முந்தி அது இல்லை. அதோட ஜிமிக் எண்ட பிளகினையும் போடுங்கோ, பிரான்ஸில கான் நகரத்து ஆய்வுகூடம் ஒண்டு செய்தது, பெயின்ட், ஸ்கெச், பழைய பிலிம் எண்டு நூற்றுக்கணக்கில எஃபெக்ட் இருக்கு. கம்பியூட்டர் பழசெண்டா புரவுசரிலயே ஃபோட்டோபீ ஓடும்.

சாம்பல்தீவு_தங்கச்சி:
நேற்றுக் காலமை அண்ணாவின்ர போட்டில போய் எடுத்திட்டு வந்தன், பாறை முழுக்க வெயில், த்ரெஷோல்ட்டில கோயில் தனியா நிக்குது. இப்ப ரெண்டு கலரையும் எப்பிடிப் பிரிக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ நானா.

கிண்ணியா_மை:
மாஷா அல்லாஹ், நல்லது. ஒரே படத்தில இருந்து ரெண்டு கொப்பி எடுங்க. நீலத்துக்குப் போறதுல இருட்டு மட்டும் நிக்கட்டும், பாறை வெடிப்பு, கடல், கோயிலிட நிழல், மிச்சத்தை வெளிறப் பண்ணுங்க. செம்மஞ்சளுக்குப் போறது நடு வெளிச்சம், வெயில் பட்ட பாறையும் அடி வானமும். வானத்திட மேல் பக்கம் ஒண்டும் வேணாம், வெள்ளைத் துணியே போதும். நீலத்தை 22.5 பாகை, செம்மஞ்சளை 30 தள்ளி 52.5 வையுங்க, ரெண்டும் ஒரே எல்பிஐ. செம்மஞ்சளை முதல் அடிச்சு, காய விட்டு, அதுக்கு மேல நீலம், ரெண்டும் படுற இடம் கடும் மண்ணிறமாகும், அப்ப ரெண்டு மையில மூண்டு நிறம் கிடைக்கும். நாலு மூலையிலயும் சிலுவைக் குறி போட மறக்க வேணாம், அது இல்லாட்டி ரெண்டாவது ஸ்கிரீனை நேரா வைக்கேலாது. ஒவ்வொரு ஃபைல் ஓரத்திலயும் எந்தக் கலர் எண்டு எழுதுங்க. எல்பிஐ போட முதல் அந்தக் கடையில 43டி ஃபிரேமா 90டி ஃபிரேமா எண்டு கேட்டுட்டு இதுல போடுங்க, இலக்கத்தைப் பார்த்துச் சொல்லியன்.